ஐந்து தாளிலும் ஒரே அஞ்சலை

பண்ருட்டியிலிருந்து காடாம்புலியூர் போகிற வழியில் ஒரு கிராம நூலகத் திண்ணை. காலை ஏழரை மணி. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பாய் விரித்து ஐந்து தாளை வரிசையாகப் பரப்பியிருக்கிறார் மகளிர் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வங்கி பாஸ்புக், கணவரின் இறப்புச் சான்று. எதிரே ஒரு ஆயா. பெயர் அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் அஞ்சலை. குடும்ப அட்டையில் அஞ்சலாட்சி. வாக்காளர் அட்டையில் அப்பா பெயரின் முதல் எழுத்து, பாஸ்புக்கில் கணவர் பெயரின் முதல் எழுத்து. இறப்புச் சான்றில் மனைவி பெயர் என்ற இடத்தில் அஞ்சலம்மாள். தன்னார்வலர் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுகிறார்.

“ஆயா, இதுல நீ எது?”

“எல்லாம் நான்தான் பாப்பா. வேற யாரு?”

கடலூர் மாவட்டத்தில் ஏழை எளியவர்களுக்கு அரசு உதவி வாங்கித் தருகிறவர்களின் வேலை பெரும்பாலும் இந்தப் பாயில்தான் நடக்கிறது. ஓய்வூதிய மனுவை இ-சேவை மையத்தில் பதிவு செய்ய பத்து நிமிடம் போதும், கட்டணம் பத்து ரூபாய். அதற்கு முன்னால் ஐந்து தாளிலும் இருப்பவர் ஒரே ஆள் என்று நிலைநாட்டுவதற்குச் சில சமயம் ஐந்து மாதம் ஆகிறது. மனு ஏற்கப்பட்ட பிறகு பணம் சரியான கணக்கில் விழுகிறதா என்று பார்ப்பது அதற்கடுத்த பாடு. வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற நமக்கு நடுவில் இருக்கிற அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான் கண்ணில் படும். “ஆன்லைன்ல போட்டா ஆயிடுமே” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறோம்.

சிங்கப்பூரில் சமூகச் சேவை அலுவலகத்துக்குப் போகிறவர் அடையாள அட்டை எண் ஒன்றைச் சொன்னால் போதும். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். அங்கே அதிகாரி கேட்கிற கேள்வி “உங்களுக்கு என்ன கஷ்டம்?” இங்கே முதல் கேள்வி “நீங்கள் யார்?” ஊர் அலுவலகங்களைக் குறை சொல்ல இந்த ஒப்பீடு உதவாது. ஒவ்வொரு தாளும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆள், காதில் விழுந்ததை எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அதைச் சரிபார்த்திருக்க வழியே இல்லை.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரே பட்டம் கிடையாது. மகளிர் திட்டத்தில் சமுதாய வளப் பயிற்றுநராக இருப்பவர் செய்கிறார். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பயிற்சி பெற்று அடையாள அட்டை வாங்கிய சட்டத் தன்னார்வலர் செய்கிறார். கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர், 2004 சுனாமிக்குப் பிறகு வந்து இங்கேயே தங்கிவிட்ட சிறு தொண்டு அமைப்பின் களப்பணியாளர் என்று பட்டியல் நீளும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டு போகிற பெண்ணுக்கு மனு எழுதுவது வேலையே இல்லை. ஆனால் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், யாருக்கு எந்தப் பணமும் வரவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரிகிறது. ஊரில் நம் சொந்தக்காரர் யாருக்காவது உதவி தேவையென்றால் அவரிடம் கேட்பது நல்ல தொடக்கம்.

இடைத்தரகருக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. ரசீதைக் கையில் தருகிறாரா என்று பாருங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். ஓய்வூதிய மனுக்களுக்கு 10. தொகை ரசீதில் அச்சாகியிருக்கும், விண்ணப்ப எண்ணும் அதிலேயே இருக்கும். தரகர் அந்தத் தாளைத் தானே வைத்துக்கொள்வார். அது கையில் இல்லாவிட்டால் மனுதாரர் தன் மனு எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்க முடியாது, மறுபடி அவரிடமே போக வேண்டும்.

முதலில் எந்தத் தாளைத் திருத்துவது என்பதில்தான் அனுபவம் தெரிகிறது. விஷயம் தெரியாதவர் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே நேரத்தில் திருத்தக் கொடுத்து, ஒன்றுக்கொன்று முரணான மூன்று புதுத் தாள்களோடு திரும்புவார். பழகியவர் ஆதாரைத் தூணாக நட்டு, மற்றதையெல்லாம் அதன் பக்கம் சாய்ப்பார். காரணம் எளியது: ரேஷன் கடை, வங்கி, இ-சேவை மூன்றும் கடைசியில் ஆதாரோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஆதாரில் இஷ்டத்துக்குக் கைவைக்கவும் முடியாது. பெயரை இரண்டு முறை மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். எனவே ஆதார் சரியாக இருந்தால் அடுத்து பாஸ்புக். ஆதார் நகலோடு வங்கிக் கிளையில் ஒரு கடிதம் கொடுத்தால் ஆகும். பிறகு குடும்ப அட்டை. வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போக வேண்டிய வேலை, இணையத்திலும் போடலாம். வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. இறப்புச் சான்றில் பெயர் தவறு என்றால் இறப்பைப் பதிவு செய்த அதே பதிவாளரிடம்தான் போயாக வேண்டும், அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளாமல் முதல் நாளே தொடங்கிவிடுவார்கள். அஞ்சலைக்குப் பென்சில் வட்டத்துக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் விழுந்தது. இறப்புச் சான்றுக்கு ஒன்று.

வயதுதான் பெரிய கண்ணி. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 நிறைந்திருக்க வேண்டும். ஆதார் எடுத்த புதிதில் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஒரு உத்தேச வருடத்தைப் போட்டு ஜனவரி 1 என்று பதிந்துவிட்டார்கள். கிராமத்தில் பாட்டிமார் எத்தனை பேர் புத்தாண்டு அன்று பிறந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும். பல் போய், முதுகு வளைந்தவருக்கு ஆதாரில் வயது 56. திருத்தப் பள்ளிச் சான்று கேட்பார்கள், பள்ளிக்கே போகாதவர் எங்கே போவார்? பிறப்பை இப்போது பதியலாம் என்றால், ஓராண்டுக்கு மேல் தாமதமான பதிவுக்குக் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். அனுபவசாலிகள் இங்கே ஒரு கணக்குப் போடுகிறார்கள். வருகிற ஜனவரியில் ஆதார்ப்படியே 60 ஆகிவிடும் என்றால் எதையும் தொடாமல் காத்திருக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு வாய்ப்பை நான்கு மாதத்துக்காகச் செலவழித்து, அதில் ஒரு தவறு விழுந்தால் பிறகு வழியே இல்லை. நான்கு வருடம் காத்திருக்க வேண்டியவருக்கு மட்டும்தான் அந்தப் போராட்டம்.

தாள்கள் சரியான பிறகு இ-சேவை. அங்கே முதலில் குடிமக்கள் கணக்கு எண் ஒன்றை உருவாக்குவார்கள். அதில் கேட்கிற கைபேசி எண்ணில்தான் பின்னால் வரப்போகிற பாதிச் சிக்கல் உட்கார்ந்திருக்கிறது. ஆயாவிடம் போன் இல்லை. வரிசை நீண்டு கிடக்கிறது. பதிவு செய்கிறவர் தன் எண்ணையோ பக்கத்தில் நிற்கிறவர் எண்ணையோ போட்டுவிடுகிறார். அதன் பிறகு “கூடுதல் ஆவணம் தேவை” என்ற குறுஞ்செய்தி யாருக்கோ போகிறது. குறித்த நாளுக்குள் ஆவணம் வராததால் மனு திரும்புகிறது. ஆயா ஆறு மாதமாக “வரும் வரும்” என்று இருக்கிறார். இதனால் தன்னார்வலர்கள் வீட்டிலோ தெருவிலோ நிலையாக ஒரே எண் வைத்திருக்கும் ஒருவரை முன்கூட்டியே பேசி வைக்கிறார்கள். சலுகை விலைக்காக மாதம் ஒரு சிம் மாற்றுகிற பேரன் இதற்கு ஆகமாட்டான்.

ஸ்கேன் செய்த தாளையும் திரையிலேயே பெரிதாக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஏற்றுகிற கோப்பின் அளவுக்கு வரம்பு இருப்பதால் சுருக்குவார்கள். சுருக்கினால் பழைய குடும்ப அட்டையின் எழுத்து கரும்புள்ளியாகிவிடும். படிக்க முடியாத ஆவணம் இல்லாத ஆவணம்தான். போனில் எடுத்த படமாக இருந்தால் நிழல் விழாத இடத்தில் தரையில் வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும்.

மனு அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் என்று மேலே போகும். இந்தப் படிகளில் கள விசாரணைதான் மனுவின் தலையெழுத்து. விசாரிக்க வரும் நாளில் ஆள் வீட்டில் இல்லை என்றால் ஒரு வரி. “மகன் ஆதரவில் இருக்கிறார்” என்றால் இன்னொரு வரி. இரண்டுமே மனுவை நிறுத்திவிடும். முந்திரிப் பருவத்தில், அதாவது மார்ச் முதல் மே வரை, பண்ருட்டிப் பக்கம் பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. எனவே மனு போட்ட வாரத்திலேயே தன்னார்வலர் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, ஆள் எந்தத் தோப்பில் அல்லது எந்த நூறு நாள் வேலையில் இருப்பார் என்று சொல்லிவிட்டு வருகிறார். சிபாரிசு ஒன்றும் இல்லை, முகவரி சொல்வது மட்டும்தான்.

மகன் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. குடும்ப அட்டையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு கிழவியின் பெயரும் இருந்தால், அவர் பின்கட்டில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தாலும் தாளின்படி மகனோடு இருக்கிறார். தனி அடுப்பு வைத்துத் தனியாக வாழ்கிறவர் தனி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். ஓய்வூதியத்துக்காக மட்டும் அட்டையைப் பிரித்தால் அக்கம் பக்கம் கேட்கும்போதே வெளிவந்துவிடும். மகன் சிங்கப்பூரிலோ குவைத்திலோ சம்பாதித்துக்கொண்டிருக்கிற வீட்டு அம்மாவுக்கு ஓய்வூதியம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பத் தன்னார்வலர்கள் கூச்சப்படுவதில்லை. அதுதான் சரி என்று தோன்றுகிறது. மாதம் 1,200 ரூபாய் என்பது 2023 ஆகஸ்டிலிருந்து வருகிற தொகை. வேறு எதுவுமே வராத வீட்டுக்கு அது மருந்தும் மளிகையும்.

ஆணை வந்துவிட்டது என்று வாயில் சர்க்கரை போட்டுக்கொள்கிற நேரத்தில் இரண்டாவது பாடு தொடங்குகிறது. பணம் “போட்டாச்சு” என்று அலுவலகம் சொல்லும், “வரலை” என்று ஆயா சொல்வார். இருவரும் சொல்வது உண்மை. கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்து வைப்பது ஒரு வேலை. நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கோடு ஆதாரைப் பிணைப்பது வேறு வேலை. ஒருவருக்கு மூன்று கணக்கு இருந்தாலும் பிணைப்பு ஒன்றோடுதான் இருக்கும், அதுவும் கடைசியாக எதற்குச் சம்மதம் கொடுத்தாரோ அதோடு. சந்தையில் சிம் வாங்கும்போது ரேகை வைத்ததில் தனக்கே தெரியாமல் ஒரு கணக்கு தொடங்கி, மானியமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த கதைகள் இங்கே பல உண்டு. ஆதார் இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் எந்த வங்கியோடு பிணைப்பு இருக்கிறது, அது இயக்கத்தில் இருக்கிறதா என்று தெரியும். அதற்கும் ஆதாரோடு இணைத்த போன் வேண்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு எதுவும் செய்யாத கணக்கு முடங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அந்த வங்கியின் எந்தக் கிளையிலாவது ஆள் நேரில் போய் விவரங்களைப் புதுப்பித்தால் திறந்துவிடும், அதற்குக் கட்டணம் இல்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தொல்லை ரேகை. முந்திரிக் கொட்டையை வறுத்து உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசிகிற கறுப்பு எண்ணெய் தோலைச் சுட்டு உரித்துவிடும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டாலும் முழுக்கத் தப்ப முடியாது. வருடக்கணக்கில் கொட்டை உடைத்த பெண்ணின் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தால் மழுமழுவென்று தேய்ந்த படிக்கல் மாதிரி இருக்கிறது. அந்த விரலை ரேஷன் கடைக் கருவியிலும், வங்கி முகவரின் கையடக்கக் கருவியிலும் வைத்து அழுத்தினால் சிவப்பு விளக்குதான். “ரேகை விழலை, நாளைக்கு வா.” நாளைக்கும் அதே விரல்தானே.

இதற்குத் தன்னார்வலர்கள் சொல்கிற வழிகள் சொல்லப்போனால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். கொட்டை உடைக்கிற வேலையை நிறுத்திச் சில வாரம் போனால் தோல் ஓரளவு வளரும், எனவே ரேகை புதுப்பிப்பதைப் பருவம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். வருவதற்கு முந்தைய சில இரவுகள் தேங்காய் எண்ணெய் தடவலாம். வந்த அன்று சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஒற்றி, லேசான ஈரம் இருக்கும்போதே விரலை வைக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் எண்ணெயில் அதிகம் படுவது. இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் பெரும்பாலும் பிழைத்திருக்கும், அவற்றை முதலில் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். எதுவுமே விழாதவர் ஆதார் சேவை மையத்தில் கண் கருவிழிப் பதிவையும் போன் எண்ணையும் புதுப்பித்துக்கொண்டால், கருவிழி, போனுக்கு வருகிற கடவு எண், முகம் என்று மாற்று வழிகள் திறக்கும். ரேகை, விழிப் பதிவைப் புதுப்பிக்க 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 125 ரூபாய். கண்புரை முற்றியிருந்தால் விழிப் பதிவும் சில சமயம் சரியாக விழாது, அதனால் புரை அறுவைக்குப் பிறகு பதியச் சொல்கிறார்கள். நடக்க முடியாதவருக்காக வேறொருவர் ரேஷன் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டு வருகிற ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கியது.

மகளிர் உரிமைத் தொகை இன்னொரு தினுசு. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது, மாதம் 1,000 ரூபாய். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கருக்குள் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்பது அப்போது வகுத்த விதி. இதில் தள்ளுபடியாகிற மனுக்களை எடுத்துப் பார்த்தால் மனுதாரர் பொய் சொன்னதாக இருக்காது. அரசுக் கணினியில் அவர் பெயரில் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். விற்றுவிட்ட பழைய டிராக்டரின் பதிவுச் சான்று இன்னும் கணவர் பெயரிலேயே கிடக்கும். அண்ணன் தம்பி மூன்று குடும்பமும் ஒரே மின் இணைப்பில் இருந்து 3,600-ஐத் தாண்டியிருக்கும். மாமியார் முதியோர் ஓய்வூதியம் வாங்குவதால் மருமகளுக்குக் கிடையாது என்று திருப்பப்பட்டவர்களும் உண்டு. அந்தத் தடை 2023-லேயே தளர்த்தப்பட்டது. மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். “நான் ஏழை, இரக்கம் காட்டுங்கள்” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. எந்தக் காரணத்தால் தள்ளுபடி என்று முதலில் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் ஆவணம் வைக்க வேண்டும்: வாகனப் பெயர் மாற்றத் தாள், தனி மின் இணைப்பு, எதுவோ அது.

வருமானச் சான்றிலும் இதே போன்ற வலை. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அதே குடும்பம் போன வருடம் வண்டிக் கடனுக்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டி ஒரு சான்று வாங்கியிருக்கும். இரண்டும் ஒரே குடிமக்கள் கணக்கு எண்ணின் கீழ் கணினியில் தெரியும்போது கிராம நிர்வாக அலுவலர் எதை நம்புவார்?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். காலையிலேயே மூன்று பக்கத்தில் வாழ்க்கை வரலாறு எழுதி வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். வெளியே உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு, அவர்களுக்கு நீளமே லாபம். தன்னார்வலர் எழுதுவது அரைப் பக்கம். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை, பழைய விண்ணப்ப எண், அது நின்று போன நாள், இணைத்துள்ள நகல்கள். பட்டா, ஓய்வூதியம், ரேஷன் மூன்றையும் ஒரே தாளில் கேட்டால் ஏதோ ஒரு துறைக்கு மட்டும் போய், மற்ற இரண்டும் “உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது” என்ற ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடும். மனு எண் வாங்காமல் வெளியே வரக்கூடாது. ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்ற அரசு மனு முகாம்கள் 2025 ஜூலை 15 அன்று இதே மாவட்டத்தில், சிதம்பரத்தில்தான் தொடங்கப்பட்டன. 45 நாளில் தீர்வு என்பது அப்போதைய அறிவிப்பு. பல துறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தது நல்லதுதான். ஆனால் இப்படிப்பட்ட முகாம் நெரிசலில் பதிவாகிற மனுவில் ஒரு எழுத்து தவறினாலும் பழைய கதைதான் என்பதால் இவர்கள் பென்சில் வேலையை முடித்த பிறகுதான் ஆளை அழைத்துப் போகிறார்கள்.

எங்கேயும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். “ஏன் நிராகரித்தீர்கள்?” என்று கேட்பது கன்னிமுயற்சிக்காரர்களின் தவறு. காரணம் விளக்குவது பொதுத் தகவல் அலுவலரின் கடமையில்லை, ஒரு வரியில் தட்டிவிடுவார். “இந்த எண்ணுள்ள மனு மீதான கள விசாரணை அறிக்கையின் நகல், எந்தெந்த நாளில் எந்த அலுவலரிடம் இருந்தது என்ற விவரம்” என்று கேட்க வேண்டும். நகல் கைக்கு வந்தால் “மகன் ஆதரவில்” என்ற அந்த வரி கண்ணுக்குத் தெரியும். பல முறை நகல் வருவதற்குள்ளேயே மனு நகர்ந்துவிடுகிறது.

எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. பாகூர்ப் பக்கத்துப் பெண்ணைக் கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுப்பதும் அங்கிருந்து இங்கே எடுப்பதும் காலம் காலமாக உள்ளது, தெருவில் அதை யாரும் வேற்று மாநிலம் என்று நினைப்பதில்லை. கணினி அப்படித்தான் நினைக்கிறது. தாய்வீட்டுச் சிவப்பு ரேஷன் அட்டையில் பெயரை நீக்கிச் சான்று வாங்காமல் இங்கே சேர்க்க முடியாது. சேர்க்காவிட்டால் இங்கே எந்த உதவியும் இல்லை. நீக்கினால் அங்கே பட்டியலில் வருகிற சலுகை போய்விடும் என்று அம்மா வீட்டில் தயங்குவார்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த பிறகு புதுச்சேரியில் அட்டைக்கு 5,000, கடலூர் உள்ளிட்ட தமிழ்நாட்டு மாவட்டங்களில் 2,000 என்று நிவாரணம் அறிவிக்கப்பட்டபோது, எந்த அட்டையில் பெயர் என்பது மூவாயிரம் ரூபாய் வித்தியாசமாக நின்றது. முதியோர் உதவியும் புதுச்சேரியில் 55 வயதிலேயே தொடங்குகிறது. இரண்டு பக்கமும் பெயரை வைத்துக்கொள்ள ஆசை வரும். ஆதார் இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டும் போகும்.

இருளர் குடும்பங்களுக்கும் எல்லை ஒரு கோடு. தமிழ்நாட்டில் அவர்கள் பழங்குடியினர், சான்று தருவது வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். புதுச்சேரியில் பழங்குடியினர் பட்டியல் என்பதே 2016 டிசம்பரில்தான் வந்தது. மனு போடுகிறபோது அப்பா, சித்தப்பா, அத்தை என்று இரத்த உறவில் யாருக்காவது ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலும், உறவைக் காட்டுகிற குடும்ப அட்டையும் வைப்பது பாதி வேலையை முடிக்கும். குடும்பத்தில் முதல் சான்று வாங்குவதுதான் மலை. அதை வாங்கிவிட்டால் பிறகு அந்த ஒரு தாளைப் பத்து வீட்டுப் பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற மீனவர் ஊர்களில் கணக்கே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய், மீனவர் கூட்டுறவுச் சங்கப் பதிவு எல்லாம் ஊரே பார்த்துக்கொள்கிறது. தன்னார்வலர் தேவைப்படுவது கடலுக்குப் போனவர் திரும்பாதபோது. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்று இல்லை, அது இல்லாமல் விதவை ஓய்வூதியம் இல்லை, வாரிசுச் சான்று இல்லை. ஏழு ஆண்டு ஒரு தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கருதலாம் என்கிறது சட்டம். ஆனால் அந்த ஏழு ஆண்டு எந்த நாளில் தொடங்கியது என்று காட்டத் தாள் வேண்டும். தேடுதல் பரபரப்பில், “வந்துடுவாரு, வந்துடுவாரு” என்ற நம்பிக்கையில், காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்க யாருக்கும் தோன்றாது. கொடுப்பது அவர் செத்தார் என்று ஒப்புக்கொள்வது போல இருக்கும். கரையில் அழுதுகொண்டிருக்கிற வீட்டில் போய் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள் என்று சொல்வதைவிடக் கடினமான வேலை இவர்களுக்கு வேறு இருப்பதாகத் தெரியவில்லை. அதைச் சொல்கிறார்கள். படகு எண், புறப்பட்ட நேரம், உடன் சென்றவர் பெயர், மீன்வளத் துறைக்குக் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, “இப்ப வேணாம் அண்ணி, பரண்ல வையுங்க” என்று சொல்லிவிட்டு வருகிறார்கள்.

பரண் என்பதும் சும்மா இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் கூரையோடு பறந்து போன பத்திரங்களும் அட்டைகளும் ஏராளம். அதனால் தடித்த பாலித்தீன் பைக்குள் எல்லாவற்றையும் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, வீட்டில் உயரமான இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். போனில் ஒரு படம், நம்பகமான உறவினர் போனில் இன்னொரு படம்.

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் உதவ நினைத்தால் இந்தக் கடைசி வேலை நம் கைக்கு அடக்கமானது. பெரியப்பா, சின்ன ஆயா வீட்டு ஐந்து தாளையும் பாயில் பரப்பி, பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, முகவரி நான்கையும் ஒப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டால், அடுத்த முறை தொலைபேசியில் “அந்த ஆபீஸ்ல ஏதோ பேர் சரியில்லைன்றாங்க” என்று கேட்கும்போது எது சரியில்லை என்று நமக்கே தெரியும். நேரில் இல்லாதபோது கைகொடுக்கிற எண்கள்: முதியோருக்கு 14567, இலவச சட்ட உதவிக்கு 15100, ரேஷன் புகாருக்கு 1967, முதலமைச்சர் உதவி மையத்துக்கு 1100. இணைய மனுவில் நம் வெளிநாட்டு எண்ணைப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கடவு எண் வருகிற நேரத்தில் அங்கே மையத்தில் ஆயா நிற்பார், இங்கே நாம் வேலையில் மூழ்கியிருப்போம்.